பந்து இல்லாதவன்

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு உதைபந்தாட்டத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். 1995இல் எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. புத்தளத்தில் நான் கற்பித்த பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் அந்த வருடம் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. "நீங்க இளந்தாரி. பின்னேரம் பின்னேரம் கிரவுண்டுப் பக்கம் நிக்கிறதையும் காணுறன்" என்று சொல்லி, அதிபர் ஒரு விசிலையும் கிழிந்த வலைப்பையில் நான்கு பந்துகளையும் என் கையில் தந்துவிட்டார். பின்னேரங்களில் நான் மைதானத்துப் பக்கம் நின்றது எழுதி முடியாத கதையொன்றை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்காக. அதை அதிபரிடம் சொல்லவா முடியும்? பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்கு நான் பொறுப்பாசிரியரானது அப்படித்தான்.

மைதானம் களப்பை அண்டியிருந்தது. மே மாதம் பிறந்தால் கச்சான் காற்று எழும்பும். செப்டம்பர் வரை ஓயாது. காற்றோடு அடித்த பந்து கோலுக்கு மேலால் போய் மதிலில் மோதும். காற்றுக்கு எதிரே உயர்த்தி அடித்தால் அடித்தவனிடமே திரும்பி வரும். புல் என்று சொல்ல இருந்தது கோல் கம்பங்களுக்குப் பின்னால் மட்டும். அதையும் ஊர்க் கழுதைகள் விட்டுவைப்பதில்லை. ஒருநாள் கழுதையொன்று நடுவட்டத்தில் வந்து நின்று, நான்கு பேர் தள்ளியும் அசையாமல், கால்மணி நேரம் ஆட்டத்தை நிறுத்திவைத்தது. அன்று எங்கள் பக்கத்தில் பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். "சேர், இதையும் சேத்தா பதினொண்டு" என்றான் ஒருவன். யோசித்துப் பார்த்தால் அன்று மைதானத்தில் அசையாமல் நின்றது கழுதை மட்டுமல்ல.

அந்த அணியில் மெய்யாகவே பந்து தெரிந்தவன் என்று ஒருவன் இருந்தான். அவன் பெயரை எழுதப்போவதில்லை. இன்று அவன் பிள்ளை குட்டிக்காரன். தன் பெயரைச் சஞ்சிகையில் காண விரும்புவானோ தெரியாது. அவன் போட்டிருந்த சட்டையைக் கொண்டு ஏழாம் நம்பர் என்று சொல்லிக்கொள்கிறேன். மன்னார்த் தீவிலிருந்து வந்தவன். வரும்போது வயது ஒன்பது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவுச் சனங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். எங்கள் பகுதியின் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வீட்டுக்கு வீடு சோறு ஆக்கினோம். ஜும்ஆப் பிரசங்கங்களில் முஹாஜிர்களின் கதையும் அவர்களை வரவேற்ற மதீனத்து அன்ஸாரிகளின் கதையும் சொல்லப்பட்டபோது, எங்களையே அன்ஸாரிகளாக நினைத்து உள்ளூரச் சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

ஐந்து வருடம் நீண்ட காலம். 1995 ஆகும்போது பிரசங்கங்களில் அந்தக் கதை குறைந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர், உப்பளத்துக் கூலிவேலை, பாடசாலை அனுமதி என்று ஒவ்வொன்றிலும் ஒரு முணுமுணுப்பு இருந்தது. முகாம் என்ற சொல் ஓர் இடத்தைக் குறித்தது போய் ஆளைக் குறிக்கத் தொடங்கியிருந்தது. 'அது முகாம்' என்றால் அங்கே ஒரு மனிதன் நிற்கிறான் என்று அர்த்தம். அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெருநாளைக்கு அவர்களே முகாமுக்கு இறைச்சி அனுப்பினார்கள்.

ஏழாம் நம்பரின் காலில் பந்து வந்தால் போதும், ஒருவனை வெட்டுவான், இரண்டாமவனை வெட்டுவான், மூன்றாமவனிடம் மாட்டிக்கொள்வான். பந்து போய்விடும். எதிரணி அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் கோல் அடிக்கும். இது ஒருமுறை இருமுறை அல்ல. பக்கக்கோட்டில் நின்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். "போடு மகன், போடு!" அவன் போட மாட்டான். நல்ல திறமை, ஆனால் தன்னலம் என்று அவனைப் பற்றி என் மனதில் எழுதி முடித்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு உள்ள நோய் இது. ஒரு பாத்திரத்தை முதல் பக்கத்திலேயே தீர்மானித்துவிட்டால் பிறகு அவன் செய்வதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். அணிக்கு முன்னாலேயே சொன்னேன்: "இவன் தனியா வெட்டிக் காட்டப் பாக்குறவன். இவனப்போல ஆட வேணாம்."

ஒருநாள் மற்றொரு பாடசாலையுடன் நடந்த நட்புறவு ஆட்டத்தில் இரண்டு கோல் அப்படிப் போயிற்று. ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக இருத்திவிட்டு அவனை எழுப்பிக் கேட்டேன்.

"ஏன் பந்தப் போடுறாயில்ல? மத்தவங்க எல்லாம் மரமா?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆருக்குப் போடுறது சேர்?"

எனக்கு அது எதிர்த்துப் பேசுவதாகப் பட்டது. பத்துப் பேர் நிற்கிறார்கள், ஆருக்குப் போடுறது என்று கேட்கிறான்! மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடும்படி சொன்னேன். ஓடினான். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போதும் ஓடிக்கொண்டிருந்தான். மற்றப் பையன்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, தவணைப் பரீட்சை விடைத்தாள்களோடு மேல்மாடி வகுப்பறையொன்றில் இருந்தேன். கீழே பையன்கள் தாங்களாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். விடைத்தாளை வைத்துவிட்டு அரைச்சுவரில் கையூன்றிப் பார்த்தேன். மேலிருந்து ஓர் ஆட்டத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பக்கக்கோட்டில் நிற்பவனுக்குப் பந்து வைத்திருப்பவன் தெரிவான். மேலே நிற்பவனுக்குப் பந்து இல்லாத பத்துப் பேரும் தெரிவார்கள். ஏழாம் நம்பரின் காலுக்குப் பந்து வந்தது. அவன் தலையை நிமிர்த்தி இடம் வலம் பார்த்தான். இதை நான் கீழே நின்று ஒருநாளும் கண்டதில்லை. அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் பக்கத்துப் பையன்கள் ஐந்தாறு பேர் கையை உயர்த்தி "போடு, போடு" என்று கத்தினார்கள். ஒருவனும் அசையவில்லை. அதைவிட மோசம், ஒவ்வொருவனும் ஓர் எதிரணிக்காரனுக்குப் பின்னால் நின்று கத்தினான். எந்தப் பக்கம் பந்தை உருட்டினாலும் அது நேரே எதிரணியின் காலுக்குத்தான் போகும். இரண்டு பேர் அவனை நெருக்கினார்கள். அவனுக்கு இருந்த ஒரே வழி வெட்டுவது. வெட்டினான்.

சற்று நேரத்தில் பந்து பேக்கரிக்காரரின் மகனிடம் போனது. நடுத்தரமான ஆட்டக்காரன், நல்ல பையன், ஊருக்கே செல்லம். அவனை ஒருவன் நெருக்கியதுதான் தாமதம், இடப்பக்கம் ஒருவன் ஓடிவந்தான், பின்னால் ஒருவன் இறங்கி நின்றான், முன்னால் ஒருவன் வெளியை நோக்கி ஓடினான். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மதரஸாவில் ஒன்றாக ஓதியவர்கள், ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். கூட்டாளி இக்கட்டில் நின்றால் கால் தானாகப் போகிறது.

விடைத்தாள் திருத்துவதை விட்டுவிட்டு முழு ஆட்டத்தையும் பார்த்தேன். ஏழாம் நம்பருக்குப் பதினேழு முறை பந்து போனது. எண்ணினேன். அவன் பக்கமாக ஒருவன் ஓடியது இரண்டே இரண்டு முறை. அந்த இரண்டு முறையும் அவன் பந்தைப் போட்டான்.

அடுத்த நாள் வலது ஓரத்தில் ஆடுபவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவனுக்குக் கிட்ட ஏன் போறாயில்ல?" பையன் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தான்.

"அவன் எப்படியும் போட மாட்டானே சேர். ஏன் சும்மா ஓடுவான்? நீங்கதானே சொன்னீங்க, தனியா வெட்டிக் காட்டுறவன் எண்டு."

என் சொல்லை அவன் எனக்கே திருப்பிப் போட்டான். துல்லியமான பாஸ்.

இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் இலக்கணத்தில் இதற்கு விதி கிடையாது. மைதானத்து மதிலோரம் மீன் பெட்டி கட்டிய சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாள்தோறும் ஆட்டம் பார்க்கும் ஒரு மனிதர் இருந்தார். அவரும் மன்னார்ப் பக்கத்தவர், இளமையில் ஊர்க் கழகமொன்றுக்கு ஆடியவர். வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். அவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் கீறிக் காட்டினார். இன்றுவரை எனக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் அந்த மணலில் கீறியதுதான்.

பந்து வைத்திருப்பவனுக்கும் உனக்கும் நடுவே ஒரு கோடு கீறு. அந்தக் கோட்டில் எதிரணிக்காரன் நின்றால் நீ மைதானத்தில் இல்லை. எவ்வளவு கத்தினாலும் இல்லை. இரண்டடி விலகு, கோடு திறக்கும், நீ இருப்பாய். அவனுக்கு நேர் பக்கத்தில் நிற்காதே. அந்தப் பாஸை ஒருவன் வெட்டி எடுத்தால் நீங்கள் இருவருமே ஒரே உதையில் ஆட்டத்துக்கு வெளியே. சற்றுப் பின்னால், சரிவாக நில். பின்னால் நிற்பவனைக் கோழை என்று நினைப்பார்கள். அவன் இருக்கிற தைரியத்தில்தான் பந்துள்ளவன் முன்னால் போகிறான்.

தூரமும் ஒரு கணக்கு. அவனை யாரும் நெருக்கவில்லையென்றால் தள்ளிப் போ, பதினைந்து யார் போ, இடத்தைப் பெருப்பி. கழுத்துக்கு மேலே ஆள் வந்துவிட்டால் கிட்ட வா. ஆனால் அவன் மடியில் போய் ஏறாதே; நீ போகும்போது உன்னைக் காவல் காப்பவனையும் கூட்டிக்கொண்டல்லவா போகிறாய்? ஒருவன் மேல் இரண்டு பேர் என்றிருந்தது இருவர் மேல் மூன்று பேர் என்றாகிவிடும். நேரம் இன்னுமொரு கணக்கு. முன்னதாகவே போய் நின்றுவிட்டால் உன்னை மறைத்துவிடுவார்கள். அவன் தலையை நிமிர்த்தும் அந்த நேரத்தில் நீ வந்துகொண்டிருக்க வேண்டும். வரும்போது உடம்பைப் பாதி திருப்பி வை, பந்தும் தெரியவேண்டும், போகப்போகும் பக்கமும் தெரியவேண்டும். பாஸ் போட்டவன் தான் போட்ட பந்தின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. போட்ட கையோடு - அவர் கையோடு என்றுதான் சொன்னார், நான் சிரித்துவிட்டேன் - அடுத்த இடத்துக்கு ஓடவேண்டும்.

ஒரு கணக்கை நானாகவும் போட்டேன். எங்கள் ஆட்டம் அறுபது நிமிடம். ஆடுவோர் இருபத்திரண்டு பேர். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூடப் பந்து கிடையாது. பந்து வெளியே போய்க் கிடக்கும் நேரத்தைக் கழித்தால் இன்னும் குறையும். மிச்ச ஐம்பத்தேழு நிமிடமும் ஒருவன் பந்து இல்லாதவன். நாங்களோ பயிற்சி முழுவதையும் அந்த மூன்று நிமிடத்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

1986 உலகக் கிண்ணத்தில், ஜூன் 22ஆம் திகதி, இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா தன் பாதியிலிருந்தே பந்தைக் கொண்டுபோய் அடித்த இரண்டாவது கோலைப் பலர் பார்த்திருப்பார்கள். அணியில் தனியாக வெட்டிப்போகும் பையன்களுக்கெல்லாம் அதுதான் வேதம். நானும் அதை வீடியோ நாடாவில் திரும்பத் திரும்பப் பார்த்தவன். மீன்கார நானாவின் குச்சிக்குப் பிறகு பார்த்தபோது, இடப்பக்கமாக ஓடிவரும் இன்னொருவர் கண்ணில் பட்டார். ஜோர்ஜ் வால்டானோ. முழு வேகத்தில் வருகிறார், பந்து அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் பின்களக்காரர்கள் அவரையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். போகும் வழியெல்லாம் வால்டானோவைப் பார்த்துக்கொண்டே போனதாக மரடோனாவே பிறகு சொல்லியிருக்கிறார். ஒரு கிழமை கழித்து, 29ஆம் திகதி, மேற்கு ஜேர்மனிக்கெதிரான இறுதியாட்டத்தில் இரண்டுக்கு இரண்டு என்றிருந்த நேரம், 84ஆம் நிமிடத்தில் மரடோனாவைச் சுற்றி ஆட்கள். அவர் வெட்டவில்லை. புருச்சாகா ஓடிக்கொண்டிருந்தார், ஒரே தொடுகையில் பந்து அவர் பாதைக்குப் போனது, கிண்ணம் ஆர்ஜென்டினாவுக்கு. ஓடுகிற ஆள் இருந்தால் மரடோனாவும் போடுவார்.

பயிற்சியை மாற்றினேன். நான்கு பேர் சதுரமாக நிற்க, நடுவில் ஒருவன் பந்தைப் பறிக்க ஓடுவான். இது எங்கும் உள்ள பயிற்சிதான். நான் விசில் ஊதியது பாஸ் பிழைத்தபோது அல்ல, பந்து இல்லாதவன் அசையாமல் நின்றபோது. முதல் நாள் ஊதி ஊதியே வாய் வலித்தது.

அடுத்தது அந்தச் சொல். 'போடு' என்று கத்துவதைத் தடைசெய்தேன். போடு என்பது கேட்கிறவனின் சொல். ஏற்கெனவே இரண்டு பேர் நெருக்கிக்கொண்டிருக்கும் ஒருவனிடம் மேலும் ஐந்து பேர் பந்தைக் கேட்பது அவனுக்கு உதவி அல்ல; அவனைப் பொறுத்தவரை ஏழு பேர் நெருக்குகிறார்கள். (நமது எழுத்தாளர் வட்டத்துக்கும் இந்தச் சொல் பழக்கமானதுதான். சஞ்சிகை நடத்தும் நண்பரைக் கண்டதும் 'என்ர கதையப் போடுங்க' என்போம். அவர் அச்சகக் கடனோடு தனியாக வெட்டிக்கொண்டு ஓடுவதை மதிலோரம் நின்று பார்ப்போம்.) சரி, போடு இல்லையென்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? பையன்கள் யோசித்தார்கள். யாரோ ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். அப்போது ஏழாம் நம்பர் மெதுவாகச் சொன்னான்: "எங்கட ஊர்ல 'இருக்கன்' எண்டுதான் சொல்லுவாங்க சேர்."

இருக்கன். அவ்வளவுதான். இந்தக் கோட்டில், இந்தத் தூரத்தில், இருக்கன். விரும்பினால் தா, விரும்பாவிட்டால் வெட்டு, எப்படியானாலும் இருக்கன். ஆரம்பத்தில் அந்த உச்சரிப்பைப் பகடி பண்ணினார்கள். ஒரு மாதத்தில் மைதானம் முழுவதும் அந்தச் சத்தம்தான். வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போதுகூட ஒருவன் "இருக்கன்" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தான்.

எல்லாம் சொல்லால் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வலது ஓரத்துப் பையன் பல நாள் வேண்டாவெறுப்பாகவே ஓடினான். நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு ஓடுவான். ஏழாம் நம்பரும் லேசில் நம்பவில்லை. ஆள் வந்து நின்ற பிறகும் பழைய பழக்கத்தில் வெட்டப் போய்ப் பந்தை இழப்பான், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பான். முதலில் மாறியவன் பேக்கரிக்காரரின் மகன். ஏன் என்று தெரியாது. பயிற்சி முடிந்து அவன் தன் சைக்கிள் பாரில் ஏழாம் நம்பரை ஏற்றிக்கொண்டு போவதை ஒருநாள் கண்டேன். முகாமுக்குப் போகும் பாதை அவன் வீட்டுக்கு எதிர்த்திசை.

போட்டிக்கு முந்திய கிழமை பிறப்புச்சாட்சிப் பத்திரம் கேட்டு நானும் முகாமுக்குப் போனேன். ஊரிலிருந்து வரும்போது எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று விசாரிக்கவே வாய் வரவில்லை. கிடுகுக் கொட்டில், மேலே பொலித்தீன். அவனுடைய உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு போத்தலுக்குள் சுருட்டி வைத்திருந்த பத்திரத்தை எடுத்துத் தந்தார். ஏழாம் நம்பர் சட்டை கழுவிக் கொடியில் காய்ந்தது. அதைக் காட்டிக் கேட்டார்: "போட்டி முடிஞ்சா இதத் திருப்பித் தரணுமா சேர்? இல்லாட்டி இவன் வச்சிக்கொள்ளலாமா?" திருப்பித் தரவேண்டும் என்பதுதான் பாடசாலை விதி. தேவையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். விளையாட்டுப் பொருட்களின் இருப்புக் கணக்கில் அந்தச் சட்டை இன்னும் குறைந்துதான் நிற்கும்.

வலயமட்ட அரையிறுதியில் காற்று எங்களுக்கு எதிரே. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிடம் இருக்கும். ஏழாம் நம்பருக்குப் பக்கக்கோட்டு மூலையில் பந்து. இரண்டு பேர் அவனை மறித்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு அடித்தது, இனி வெட்டப்போகிறான், போகப்போகிறது. பின்னால் சரிவில், எட்டு யார் தூரத்தில், ஒரு குரல் கேட்டது. "இருக்கன்!" பேக்கரிக்காரரின் மகன். ஏழாம் நம்பர் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கமாகப் பந்தைக் குதிக்காலால் தள்ளிவிட்டு, மறித்த இரண்டு பேருக்கும் நடுவால் உள்ளே ஓடினான். அவர்கள் இருவரும் அவனோடு போனார்கள். பந்து அவனுக்குத் திரும்பி வரவில்லை. வரவும் தேவையில்லை. அவர்கள் விட்டுப்போன வெளிக்குள் வலது ஓரத்துப் பையன் வந்துகொண்டிருந்தான். இம்முறை நான் பார்க்கிறேனா என்று அவன் பார்க்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். பெனால்டியில். கடைசி உதையை அடித்தவன் பேக்கரிக்காரரின் மகன்; பந்து கம்பத்துக்கு வெளியால் போனது. அவன் அந்த இடத்திலேயே குந்திவிட்டான். மற்றப் பையன்கள் நடுக்கோட்டில் தோளோடு தோள் நின்றபடி நின்றார்கள். நானும் பக்கக்கோட்டில் நின்றுகொண்டுதான் இருந்தேன். என்ன சொல்வது என்று வசனம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நீண்ட தூரத்தை ஒருவன் மட்டும் நடந்து போனான். போய்ப் பக்கத்தில் நின்றான். தோளைத் தொடவில்லை, ஒன்றும் சொன்னதாகவும் தெரியவில்லை. மத்தியஸ்தர் பந்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அதற்கடுத்த வருடம் நான் அணியை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். பையன்கள் வளர்ந்து கலைந்தார்கள்.

2013இல் நூல் அறிமுகக் கூட்டமொன்றுக்கு மதவாச்சி வழியாக மன்னாருக்குப் போயிருந்தேன். போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்களில் ஏழாம் நம்பரும் ஒருவன். எப்படியோ கேள்விப்பட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தான். கடைசி வரிசையில் இருந்து, மூன்று பேர் மாறி மாறி ஒரே கவிதைத் தொகுதியைப் புகழ்ந்ததைப் பொறுமையாகக் கேட்டான். முடிந்ததும் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டைக் காட்டினான். வாப்பா காலத்து அத்திவாரம், அதன்மேல் புதிய கல். கூரை பாதி போட்டிருந்தது. பேக்கரிக்காரரின் மகன் கட்டாரிலிருந்து கிழமைக்கொரு தரம் போன் எடுப்பதாகச் சொன்னான்.

முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்தோம். இவ்வளவு காலம் என் மனதில் கிடந்ததை அன்று சொன்னேன். "மகன், ஆருக்குப் போடுறது எண்டு நீ கேட்டது சரிதான். பிழை எங்கட பக்கம். நான் அண்டைக்கு உன்ன பத்துச் சுற்று ஓட விட்டன்."

அவன் தேத்தண்ணீர்க் கோப்பையை என் கையில் தந்துவிட்டுச் சிரித்தான்.

"பத்தில்ல சேர். பதினைஞ்சு."